நண்பகல் வெயிலை என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கூரைகளில் விளையும் சூரிய மின்சாரத்துக்கு அலகொன்றுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற வாதம் தங்கள் பத்திரிகையின் கடிதப் பகுதியில் சில வாரங்களாக நடந்துகொண்டிருக்கிறது. கூரைச் சூரிய மின்சாரத்தை மின்சார சபை விலைக்கு வாங்கும் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரசாங்கத் திட்டம் 2016 செப்டெம்பரில் தொடங்கியபோது முதல் ஏழு ஆண்டுகளுக்கு 22 ரூபாவும் அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்கு 15.50 ரூபாவும் என்றிருந்த விலை, பொருளாதார நெருக்கடிக் காலத்தில் 37 ரூபா வரை ஏறி, பின்னர் 27 ரூபாவுக்கு இறங்கி, 2025 இல் புதிதாகச் சேரும் மிகச் சிறிய கூரைகளுக்கே 21 ரூபாவுக்குக் கீழே வந்துவிட்டது. சூரியத் தகடு பூட்டக் காத்திருந்தவர்கள் ஏமாந்துவிட்டோம் என்கிறார்கள். பூட்ட வசதியில்லாதவர்களோ, மாடிவீட்டுக்காரருக்கு நாங்கள் ஏன் படியளக்க வேண்டும் என்கிறார்கள். இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மின்சாரம் என்ன விலைக்கு வருகிறது என்பதை விட்டு, எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டிருந்தால் இந்த வாதம் வேறு வழியில் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில், ஐந்து மாடித் தொடர்மாடியொன்றில் வசிக்கிறேன். கணக்காளராக இருந்து ஓய்வுபெற்ற குற்றத்துக்காக, பதினெட்டு வீடுகள் கொண்ட அக்கட்டடத்தின் பொதுக் கணக்கைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. லிஃப்ட், தண்ணீர் மோட்டர், படிக்கட்டு விளக்குகள் ஆகியவற்றுக்கான பொது மின்மானியின் சிட்டை மாதந்தோறும் என் கைக்கு வரும். 2019 இல் மொட்டைமாடியில் 10 கிலோவாட் அளவில் முப்பது தகடுகள் பூட்டினோம். அன்று முதல் நாள்தோறும் எத்தனை அலகு விளைந்தது என்று ஒரு கொப்பியில் குறித்துவருகிறேன். கொழும்பு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு மாதமொன்றுக்கு ஏறக்குறைய 110 முதல் 120 அலகு வரை தரும் என்று விற்பவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. மாசி, பங்குனியில் அதற்கு மேலும் வரும். வைகாசிக் கடைசியில் பருவக்காற்று தொடங்கியதும் கீழே போகும். ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் பத்து அலகு வந்தாலே பெரிய காரியம்.

சொல்லாமல் விட்டவையும் உண்டு. தகடுகளைத் தாங்கும் சட்டங்களைப் பூட்டியவர்கள் சாதாரண இரும்புப் போல்ட்டுகளைப் பாவித்திருந்தார்கள். உப்புக் காற்றில் அவை ஒன்றரை ஆண்டுக்குள் கறள் பிடித்து, ஆடிக் காற்றடித்த ஓர் இரவில் ஒரு தகடு தடதடவென்று ஆடத் தொடங்கியதால், முப்பது தகடுகளையும் கழற்றிக் கறள் பிடிக்காத உருக்குப் போல்ட்டுகளால் மறுபடி பூட்ட வேண்டியதாயிற்று. அந்தச் செலவு எந்த விலைமதிப்பீட்டிலும் இருக்கவில்லை. பிறகு காகங்கள். வெள்ளவத்தைக் காகம் கோழியெலும்பை வைத்துக் கொத்துவதற்கு வழுவழுப்பான கண்ணாடியைவிட நல்ல இடம் அறியாது. எச்சம் ஒரு தகட்டின் மூலையில் படிந்தாலும் அது இணைந்துள்ள தொடர் முழுவதின் விளைச்சலும் குறையக்கூடும் என்பதால், இரு வாரங்களுக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன், வெறும் தண்ணீரால் கழுவுகிறோம். கடலோரத்தில் தகடு பூட்ட நினைப்பவர்கள் போல்ட்டைக் கேட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள்.

இனி விடயத்துக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கும் நாட்களைத் தங்கள் பத்திரிகையும் ஊர் ஊராகப் போடும். சோதிடம் பார்ப்பவர்களும் மேட ராசியில்தான் சூரியன் உச்சம் பெறுகிறான் என்பார்கள். அப்படிப்பட்ட காலத்தில், 2025 ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரையில் கூரைத் தகடுகளைத் தாமாகவே அணைத்து வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடக்க, வெயில் மட்டும் விடுமுறை எடுக்காமல் காய்ந்ததால், தேவைக்கு மேல் மின்சாரம் வந்து சேரும் என்ற அச்சம் அது. நாங்களும் அணைத்தோம். வழக்கமாக நாற்பது அலகைத் தாண்டும் நாட்களில் என் கொப்பியில் ஆறும் ஏழும் விழுந்தன.

அந்த வேண்டுகோளைக் கேலி செய்வது எளிது. ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னர், பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனதை உலகமே சிரித்துக்கொண்டு வாசித்தது. குரங்கு தொடக்கிவைத்தது உண்மை. ஆனால் ஒரு குரங்கால் நாடே இருளுவதற்கு, ஞாயிறு முற்பகலின் குறைந்த தேவையும் அந்நேரத்தின் மிகுந்த சூரிய மின்சாரமும் சேர்ந்து வழி செய்திருந்தன. பழைய கால்மிதித் தையல் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள்: காலை எடுத்த பிறகும் அதன் கனத்த சில்லு சிறிது நேரம் தானாகச் சுழலும், அதற்குள் நாம் மறுபடி மிதித்துவிடலாம். நீர்மின் நிலையங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் சுழலும் பெரும் இயந்திரங்கள் மின்கட்டமைப்புக்கு அத்தகைய சில்லுகள். எங்கோ ஓரிடத்தில் பழுது நேர்ந்தால், மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ் என்ற அளவிலிருந்து சட்டென்று சரிந்துவிடாமல் அவை சில விநாடிகள் தாங்கிப்பிடிக்கும். தகட்டில் விளைவதை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் சாதாரண இன்வேர்ட்டர்களில் சுழலும் சில்லு கிடையாது. கூரைகளின் மொத்த வலு ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்ட நாட்டில், தேவை குறைந்த ஒரு முற்பகலில் சுழலும் இயந்திரங்கள் பலவற்றை நிறுத்தி வைத்திருக்கும் வேளை பார்த்துப் பழுது வந்தால், தாங்குவதற்கு ஆளில்லை. அன்று நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றை மறுபடி எழுப்ப நாட்கள் எடுத்ததால், அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டையும் கண்டோம்.

ஆகவே நண்பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது; மாலை ஆறரைக்குப் பிறகு, நாடு முழுவதும் விளக்கும் சமையலும் தொலைக்காட்சியுமாக இருக்கும்போது, அது போதாமல் எண்ணெய் எரிக்கிறோம். மிஞ்சுவதை அணைத்துவிட்டுக் குறைவதற்கு எண்ணெய் வாங்குவது எந்த வீட்டுக் கணக்கிலும் ஒப்பாத காரியம்.

எங்கள் கட்டடத்தில் இதற்கு ஒரு சிறு தீர்வு தற்செயலாகக் கிடைத்தது. நிலத்தடித் தாங்கியிலிருந்து மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டரைக் காவலாளி அதிகாலையில் ஒருமுறையும் இரவு ஏழு மணிக்கு ஒருமுறையும் போடுவது வழக்கம். ஏன் இரவு ஏழு என்று கேட்டபோது, முன்பிருந்த காவலாளி அப்படித்தான் செய்தார் என்றார். முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் ஒன்றரைக்கும் மாற்றினோம். யாருக்கும் ஒரு வாளித் தண்ணீர் குறையவில்லை. எங்களிடம் பற்றறி இல்லை. ஆனால் ஐந்தாம் மாடிக்கு மேலே நிற்கும் தாங்கி, நண்பகல் வெயிலை இரவுக் குளியலுக்கு எடுத்து வைக்கிறது. சித்திரையில் தகடுகளை அணைத்திருந்த அந்த ஒன்பது நாட்களிலும் மோட்டரை நண்பகலிலேயே ஓட்டினோம், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் எங்களாலான அளவு கரைக்கட்டும் என்று.

இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. சூரிய மின்சக்தியின் வரலாற்றைச் சொல்பவர்கள் 1839 இல் பாரிஸில் பத்தொன்பது வயது எட்மண்ட் பெக்கரல் ஒளி பட்டு மின்சாரம் பிறப்பதைக் கண்டதிலிருந்து தொடங்குவார்கள். எனக்குப் பிடித்தது 1913 இல் எகிப்தில் நடந்தது. கெய்ரோவுக்குத் தெற்கே மாடி என்ற ஊரில், அமெரிக்கரான ஃபிராங்க் ஷூமன் நீண்ட வளைவுக் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, நீராவி எழுப்பி, நைல் நதித் தண்ணீரை வயல்களுக்கு இறைத்தார். இரவில் அது ஓடவில்லை. ஓட வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் பகலில் பாய்ந்த தண்ணீர் வயலிலேயே கிடந்தது. வெயில் இருக்கும்போது வேலையை முடித்துக்கொள்வது என்ற இந்த எண்ணம், ஆனையிறவில் உப்பு விளைவித்தவர்களுக்கும் முற்றத்தில் ஒடியல் காயவைத்தவர்களுக்கும் சொல்லித்தர வேண்டியதல்ல. ஷூமனின் நிலையத்தை முதலாம் உலகப் போரும் அதன் பின் வந்த மலிவான எண்ணெயும் சேர்ந்து மறக்கடித்தன.

பிறகு 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கனால் செய்த கலம், விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் தகடுகள் 20 சதவீதத்துக்கு மேல் தருகின்றன. அதைவிடப் பெரிய மாற்றம் விலையில் நடந்தது: 1970களின் நடுப்பகுதியில் ஒரு வாட்டுக்கு எழுபது டொலருக்கு மேல் விற்ற கலம் இன்று கால் டொலருக்கும் கீழே. 1958 இல் வான்கார்ட் 1 செயற்கைக்கோளில் ஏறியபோது அது அரசாங்கங்கள் மாத்திரமே வாங்கக்கூடிய பொருள். இன்று சங்கக் கூட்டத்தில் கை தூக்கி வாங்குகிறோம். அந்தச் செயற்கைக்கோளில் இரசாயனப் பற்றறியால் இயங்கிய ஒலிபரப்பி சில வாரங்களில் ஓய்ந்துவிட, சூரியக் கலங்களால் இயங்கியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. கலம் நம்பகமானது, பற்றறிதான் பலவீனமான கண்ணி என்ற நிலை அதன் பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

அதை நாங்கள் 2022 இல் உணர்ந்தோம். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரத்தைத் தொட்டபோது, நான்காம் மாடியிலிருக்கும் வயதான அம்மா ஒருவர் படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கியபடி, “தம்பி, மேலே முப்பது தகடு வெயில் காயுது, லிஃப்ட் ஏன் ஓடேல்லை?” என்று என்னைக் கேட்டார். கட்டமைப்பில் மின்சாரம் நின்றால் இவ்வகை இன்வேர்ட்டரும் தானாக நின்றுவிடும், இல்லாவிட்டால் வீதியில் கம்பி திருத்தும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து என்று விளக்கினேன். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. பதின்மூன்று மணி நேர இருட்டில் அந்த விளக்கம் எனக்கே பிடிக்கவில்லை.

இப்போது நிலைமை மாறுகிறது. லித்தியம் பற்றறித் தொகுதியின் விலை 2010 இல் கிலோவாட் மணிக்கு ஆயிரம் டொலருக்கு மேல் இருந்து, 2024 இல் 115 டொலர் அளவுக்கு இறங்கியிருக்கிறது. மாலை உச்ச நேரத்தில் பற்றறியிலிருந்து தரும் மின்சாரத்துக்கு உயர்ந்த விலை கொடுப்பதாக 2025 இல் அரசாங்கமும் அறிவித்திருக்கிறது. வேளைக்கு விலை வைக்கும் அந்த எண்ணத்தை வரவேற்கிறேன். இந்திய உதவியுடன் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் அமையும் 2,230 கிலோவாட் சூரிய, காற்று மின்திட்டத்தில் பற்றறியும் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. தேசியக் கட்டமைப்பு எட்டாத தீவுகளுக்கு இரவைப் பற்றி முதலிலேயே யோசிக்காமல் வேறு வழியில்லை. எட்டிய இடங்களில் இருக்கும் நாங்கள்தான் யோசிக்காமல் பூட்டிக்கொண்டே போனோம். 5,000 வழிபாட்டுத் தலங்களின் கூரைகளில் மொத்தம் 25 மெகாவாட் பூட்டும் இந்திய நன்கொடைத் திட்டமும் நல்ல காரியந்தான். ஆனால் நம் கோயில்களில் நண்பகல் பூசை முடிந்ததும் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பதையும், தீபாராதனை வேளைக்குத்தான் விளக்குகள் வேண்டும் என்பதையும் யாராவது கணக்கில் எடுத்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. நிலக்கரி நிலையம் வரவிருந்த சம்பூரில் 120 மெகாவாட் சூரிய நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டியாயிற்று. நண்பகல் இன்னும் நிரம்பப்போகிறது.

பற்றறி வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது கட்டணத்தில் இருக்கிறது. நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணமுறை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை உச்சம், இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மலிவு. இரவில் இயந்திரங்கள் சும்மா சுழன்ற காலத்தில் வகுத்த ஒழுங்கு இது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறந்ததிலிருந்து எங்கள் தரிப்பிடத்திலும் மின்சாரக் கார்கள் நிற்கத் தொடங்கிவிட்டன. அவற்றின் சொந்தக்காரர்கள், மலிவு என்பதால், நடுநிசியில் மின்னேற்றுகிறார்கள். அந்நேரத்தில் வருவது வெயில் அல்ல, பெரும்பாலும் நிலக்கரி. மலிவான நேரத்தை முற்பகல் 10 முதல் பிற்பகல் 3 வரைக்கு நகர்த்தினால், சலவை இயந்திரமும் குளிர்சாதனமும் வாகனமும் தாமாக அங்கே நகரும். கொழும்பில் பகல் மின்சாரத்தைப் பாவிக்கக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும் ஓய்வூதியக்காரர்களும் இல்லத்தரசிகளும் மட்டுமல்லர். அலுவலகத் தரிப்பிடங்களில் பகல் முழுவதும் சும்மா நிற்கும் கார்களும் உண்டு.

என் மொட்டைமாடித் தாங்கியைப் பெரிதாக்கினால் அது காசல்ரீ, மவுசாக்கலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் முன்வைத்து 1950 இல் லக்சபானவில் நனவான நீர்மின்சாரம், இனி நாளெல்லாம் உழைக்க வேண்டியதில்லை. பகலில் வெயிலை உழைக்கவிட்டுத் தண்ணீரைப் பிடித்துவைத்து, மாலை ஆறரைக்குத் திறந்தால், அணையே பற்றறியாகிவிடும். மகாவலி நீரை மின்சாரத்துக்கு மட்டும் வைத்துத் திறக்க முடியாது, வயலும் கேட்கும் என்பதை மறக்கவில்லை. அதனால்தான், பகலில் தண்ணீரை மேலேற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாட் மகா ஓயாத் திட்டத்தை, பேச்சளவில் கிடத்திவைக்காமல் முன்னுக்கு எடுக்க வேண்டும்.

கடைசியாக, கூரையில்லாதவர்கள். வீடு பாவித்த அலகிலிருந்து அதன் கூரை தந்த அலகைக் கழித்துச் சிட்டை போடும், 2010 இல் வந்த நிகர அளவீட்டு முறையும் அதன் பின் வந்தவையும் ஒரு கூரை, ஒரு மின்கணக்கு என்ற எண்ணத்தில் எழுந்தவை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் நூறு குடும்பங்களுக்கு ஒரு கூரை. எங்கள் பொது மின்மானிக்கு வெயில் உண்டு. பதினெட்டு வீடுகளின் தனி மின்மானிகளுக்கு இல்லை. இதே பிரச்சினைக்கு ஜேர்மனி 2017 இல் வாடகைக் குடியிருப்பாளருக்கெனச் சட்டம் இயற்றியது; டெல்லியில் 2019 முதல், ஒரு கூரையில் விளைவதைப் பல மின்கணக்குகளுக்குப் பங்கிட விதி இருக்கிறது. எங்கள் மொட்டைமாடி முழுவதையும் நிரப்பினாலும் பதினெட்டு வீட்டுக்குப் போதாது, கணக்குப் பார்த்துவிட்டேன். பெரும் களஞ்சியசாலைகளின் கூரைகளிலும் பாடசாலைக் கூரைகளிலும் பங்கு வாங்க முடிந்தால்தான் நிறையும். அப்படிப் பங்கு தருவதாயின், நண்பகல் அலகைப் பங்காளர் நண்பகலிலேயே பாவித்தால் முழு மதிப்பு, இரவுக்குக் கேட்டால் குறைந்த மதிப்பு என்று வைக்கட்டும், நான் ஆட்சேபிக்கமாட்டேன். மின்கட்டணத்துக்கு அனுமதி தரும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடுத்த முறை மக்களிடம் கருத்துக் கேட்கும்போது, எங்கள் கட்டடத்தின் கொப்பியை எடுத்துக்கொண்டு போக நான் தயார்.

அடுத்த சித்திரையிலும் தகடுகளை அணைக்கச் சொல்லும் அறிவித்தல் வருமாயின் அணைப்போம். ஆனால் அதே அறிவித்தலில், “முற்பகல் 10 முதல் பிற்பகல் 3 வரை மின்சாரம் பாதி விலை, தாங்கிகளை நிரப்புங்கள், புத்தாண்டுத் துணிகளைத் தோய்த்துவிடுங்கள், வாகனங்களுக்கு மின்னேற்றுங்கள்” என்று இன்னொரு வரியையும் சேர்த்து, அதை ஒரு வாரம் முன்னதாகவே தங்கள் பத்திரிகையில் வெளியிடுமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.